உங்களுக்குத் தெரியுமா? கிணறு தயார்... வாயு எப்போது வரும்?

திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஊருக்குள் நுழைந்தால், மறுநாள் காலைக்குள் தண்ணீர் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். மோட்டார் இறக்க இன்னும் இரண்டு நாள் போதும். எரிவாயுக் கிணற்றின் கதையே வேறு. தோண்டி முடித்து, துளையிடும் ரிக்கைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் வராது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பத்து, இருபது ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தத் தாமதத்துக்கான காரணங்களில் பெரும்பாலானவை தரைக்கு மேலே இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

ஓட்டையே இல்லாத கிணறு

ரிக் கிளம்பும் நாளில் அந்தக் கிணற்றுக்குள் வாயு நுழைய வழியே கிடையாது. துளை நெடுக எஃகுக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் செலுத்தி இறுக அடைத்திருப்பார்கள். நிலத்தடி நீரோடு வாயு கலந்துவிடாமல் இருக்க இந்தக் காப்பு. ஆக, தோண்டி முடித்த கிணறு அப்போதைக்கு ஒரு மூடிய குழாய், அவ்வளவுதான். இப்படித் தோண்டியதோடு நிறுத்தி வைத்த கிணறுகளுக்கு அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் தனிக் கணக்கு வெளியிட்டு வந்தது. எண்ணெய், எரிவாயு இரண்டும் சேர்த்து 2020இல் அந்தக் கணக்கு 8,000ஐத் தாண்டியது.

குழாய்க்குள் துப்பாக்கி

பாதுகாப்பாக அடைத்த அதே குழாயில் பிறகு ஓட்டை போட வேண்டும். அதற்கு நிஜமாகவே சுடுகிறார்கள். 1932இல் கலிபோர்னியாவின் மான்டிபெல்லோ எண்ணெய் வயலில், கிணற்றுக்குள் துப்பாக்கியை இறக்கி, மேலேயிருந்து மின்சாரம் கொடுத்துத் தோட்டாக்களால் குழாயைத் துளைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் தோட்டா போய்விட்டது. டாங்கிகளின் இரும்புச் சுவரைத் துளைக்கப் பயன்பட்ட பஸூக்காவின் வெடிமருந்து நுட்பம் கிணற்றுக்குள் இறங்கியது. இன்றும் அதுதான்.

ஒன்றரைக் கோடி லிட்டர்

ஓட்டை போட்டாலும் ஷேல் பாறையிலிருந்து வாயு தானாக வராது. அந்தப் பாறை அவ்வளவு இறுக்கம். தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்தி விரிசல் உண்டாக்குகிறார்கள். தண்ணீர் விரிசலைத் திறக்கும், மணல் அது மூடிக்கொள்ளாமல் தாங்கும். பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறையில் ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் சாதாரணம். கிணறு நீளமானால் அதற்கும் மேல். அதில் ஒரு சிறு பங்குதான் மேலே திரும்பி வருகிறது. வருவதும் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. அந்த உப்புநீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தொடங்கிய கிணறுகள் ஏராளம்.

போர்க்களத்தில் பிறந்த யோசனை

பாறையை உடைத்து வரத்தைக் கூட்டும் வித்தை புதிதல்ல. எட்வர்ட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் படை அதிகாரி, 1862இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில், ஒரு கால்வாய்க்குள் பீரங்கிக் குண்டு விழுந்து வெடிப்பதைப் பார்த்தார். மேலே நிற்கும் தண்ணீர் வெடியின் வேகத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது கண்ணில் பட்டது. 1865 ஜனவரியில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் அருகே ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் வெடிமருந்துக் குப்பியை இறக்கி, மேலே தண்ணீர் நிரப்பி வெடித்தார். வரத்து கூடியது. காப்புரிமை வாங்கினார். ஒரு வெடிக்கு 100 முதல் 200 டாலர், அதற்குமேல் கூடுதலாக வரும் எண்ணெயில் 15இல் ஒரு பங்கு என்று கட்டணம். இவ்வளவு கேட்டால் யார் கொடுப்பார்கள்? இரவோடிரவாகத் திருட்டு வெடி வைத்துக்கொடுக்கும் கூட்டமே உருவானது. அவர்களைப் பிடிக்க ராபர்ட்ஸ் உளவாளிகளை அமர்த்தியதும், வழக்குமேல் வழக்குப் போட்டதும் தனிக் கதை.

அணுகுண்டு வைத்தும் பார்த்தார்கள்

1967 டிசம்பர் 10. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் 4,200 அடிக்கும் கீழே, 29 கிலோடன் அணுகுண்டை வெடித்தார்கள். சோதனையின் பெயர் 'கேஸ்பக்கி'. ஹிரோஷிமாவில் போட்டதைவிடப் பெரிய குண்டு. நோக்கம் ஆயுதமல்ல, இறுகிய பாறையிலிருந்து எரிவாயு எடுப்பது. வாயு வந்தது. ஆனால் கதிரியக்கத்தோடு வந்தது. அதை எந்த வீட்டு அடுப்புக்கு அனுப்ப முடியும்? இதற்குப் பிறகாவது விட்டார்களா என்றால் இல்லை. 1969இல் கொலராடோவில் இன்னும் பெரிய குண்டு, 1973இல் அதே மாநிலத்தில் ஒரே கிணற்றில் மூன்று குண்டுகள். ஒரு கன அடி வாயுகூட விற்கவில்லை.

இதற்கு நேர்மாறான வேலையும் நடந்தது. உஸ்பெகிஸ்தானின் உர்தாபுலாக்கில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக அணையாமல் எரிந்த ஓர் எரிவாயுக் கிணற்றை, 1966இல் சோவியத் அரசு நிலத்தடியில் அணுகுண்டு வெடித்து மூடியது. நெருப்பு சில நொடிகளில் அணைந்தது.

தோற்ற கிணறுதான் ஆரம்பம்

மார்செல்லஸ் பாறை ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. அதில் வாயு இருப்பது எல்லோருக்கும் தெரியும், எடுக்க முடியும் என்று யாரும் நம்பவில்லை. 2003இல் ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் வாஷிங்டன் கவுன்ட்டியில் 'ரென்ஸ் 1' என்ற கிணற்றைத் தோண்டியது, மார்செல்லஸுக்கும் கீழே இருந்த வேறொரு பாறைக்காக. அங்கே எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. செலவழித்த கிணறு சும்மா கிடந்தது. டெக்சஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1990களின் கடைசியில் வெற்றி கண்ட மலிவான தண்ணீர் முறையை, 2004இல் அதே கிணற்றின் மேலடுக்கில், அதாவது மார்செல்லஸில், முயன்று பார்த்தார்கள். 2005இல் உற்பத்தி தொடங்கியது. அமெரிக்க எரிவாயு வரைபடத்தையே மாற்றிய கிணறு அது. வேண்டாமென்று மூடியிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

பெயர் கொடுத்த ஊருக்குப் பங்கில்லை

இந்தப் பாறைக்குப் பெயர் கொடுத்த மார்செல்லஸ் என்ற ஊர் பென்சில்வேனியாவில் இல்லை, பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே பாறை தரையிலேயே தெரியும். ஆனால் பெருமளவில் தண்ணீர் செலுத்திப் பாறையை உடைக்கும் முறைக்கு நியூயார்க் மாநிலம் 2014 டிசம்பரில் தடை அறிவித்து, அடுத்த ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து விவசாயிக்குக் காசோலை, இந்தப் பக்கத்து விவசாயிக்கு இல்லை.

தம்பிக்காக அண்ணனும் காத்திருக்க வேண்டும்

ஒரே மேடையில் ஆறு, எட்டு கிணறுகள் தோண்டுவதுதான் இன்றைய வழக்கம். முதல் கிணறு முடிந்துவிட்டதே, அதையாவது திறக்கலாமே என்று நிலத்துக்காரர் கேட்பார். திறக்க மாட்டார்கள். பக்கத்துக் கிணற்றில் பேரழுத்தத்தில் தண்ணீர் செலுத்தும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குள் அது பாய்ந்து கெடுத்துவிடலாம். பம்புகளையும் ஆட்களையும் ஒரே தடவை வரவழைத்தால் செலவும் மிச்சம். ஆகவே கடைசிக் கிணறு முடியும்வரை முதல் கிணறு சும்மா நிற்கும்.

அடைப்பை எடுக்காமல் ஆகாது

பாறைக்குள் கிடைமட்டமாகத் திரும்பி ஓடும் குழாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் பாறையை உடைக்கிறார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஓர் அடைப்பான். எல்லாம் முடிந்தபின் அத்தனை அடைப்பான்களையும் திரும்ப உள்ளே போய் அரைத்து எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ரிக் மாதிரி ஏதோ ஒன்று மறுபடியும் வந்து நிற்பது தெரியும். 'இன்னும் தோண்டுகிறார்களா?' என்று குழம்புவது இந்தக் கட்டத்தில்தான்.

64இல் ஒரு பங்கு

கிணற்றுத் தலையில் வால்வுகளை அடுக்கடுக்காகப் பொருத்திய அமைப்புக்கு உலகெங்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர். அதில் வாயு வெளிவரும் துவாரத்தின் அளவைக் கணக்கிடுவது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கில். முதல் நாளே முழுசாகத் திறந்துவிட்டால் விரிசலைத் தாங்கும் மணல் வாயுவோடு வெளியே வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறப்பார்கள்.

இன்னொரு சங்கதி. அழுத்தம் சட்டென்று குறையும் இடத்தில் வாயு குளிர்ந்துபோகும். அதனால் வெயில் காலத்திலும் வால்வின்மேல் வெண்பனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். வாயுவோடு ஈரமும் இருந்தால், அழுத்தத்தின் காரணமாக, தண்ணீர் உறையாத வெப்பநிலையிலேயே பனிக்கட்டி போன்ற ஒன்று உருவாகிக் குழாயை அடைக்கும். தீக்குச்சி வைத்தால் எரியும் பனிக்கட்டி! குழாய்கள் அடைபடுவதற்குக் காரணம் இதுதான் என்று 1934இல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்க வேதியியலாளர் காட்டினார். ஈரத்தைப் பிரிக்கும் கருவிகள் வந்து சேரும்வரை கிணற்றைத் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசனை வராது

புதுக் கிணற்றின் பக்கத்தில் நின்று மோப்பம் பிடித்து, 'வாயு வந்துவிட்டதா' என்று பார்ப்பதில் பயனில்லை. சுத்தமான இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. அடுப்படியில் நமக்குத் தெரியும் அந்த நாற்றம் பிறகு சேர்ப்பது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸின் நியூ லண்டன் பள்ளியில், யாருக்கும் தெரியாமல் கசிந்த வாயு வெடித்து முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் டெக்சஸில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது, மற்ற இடங்களும் பின்பற்றின.

இரவைப் பகலாக்கிய கம்பம்

முன்பெல்லாம் கிணறு பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் நெருப்பு. முதலில் வரும் வாயுவைத் தண்ணீரோடும் மணலோடும் வெளியே விட்டு, உயரமான கம்பத்தின் உச்சியில் எரித்துவிடுவார்கள். ஊரே வெளிச்சமாகும். 2012இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதி கொண்டுவந்து, 2015 ஜனவரியிலிருந்து பாறை உடைத்து எடுக்கும் எரிவாயுக் கிணறுகளில் அந்த முதல் வாயுவையும் பிடித்துக் குழாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் குழாய் வந்து நின்றால்தானே அனுப்ப முடியும்?

குழாய்தான் ராஜா

எண்ணெயை லாரியில் ஏற்றலாம், பீப்பாயில் அடைக்கலாம். எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும். 1878இல் பென்சில்வேனியாவின் மர்ரிஸ்வில்லில் ஹேமேக்கர் சகோதரர்கள் எண்ணெய் தேடித் தோண்டினார்கள். எண்ணெய்க்குப் பதிலாக வாயு பீறிட்டது. வாங்க ஆளில்லை, கொண்டுபோகக் குழாயில்லை. பிட்ஸ்பர்க் நகரம் இருபது மைல் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அந்த வாயு காற்றோடு போனது. 1883இல் குழாய் வந்தது. அதே ஆண்டு, கிணறு யாருக்குச் சொந்தம் என்ற அடிதடியில் சகோதரர்களில் ஒருவர் கொல்லப்பட்டார். வாயு வீணாய்ப் போன காலம்வரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

நம் காலத்துக் கதையும் பெரிய மாற்றமில்லை. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போகும் 303 மைல் 'மவுன்டன் வேலி' குழாய்க்கு 2017இல் அனுமதி கிடைத்தது. 2018 கடைசியில் வாயு ஓடும் என்றார்கள். வழக்கு, அனுமதி ரத்து, மறு அனுமதி என்று இழுத்து, கடைசியில் 2023இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிச் சேர்த்த பிறகு, 2024 ஜூனில் ஓடியது. சுமார் 350 கோடி டாலர் என்று சொன்ன செலவு 785 கோடியானது. பென்சில்வேனியாவின் வடகிழக்கிலிருந்து நியூயார்க்குக்குப் போக வேண்டிய 'கான்ஸ்டிட்யூஷன்' குழாயையோ 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

மூங்கிலில் ஓடிய நெருப்பு

சீனாவின் ஸிகோங்கில் ஷென்ஹாய் கிணற்றைத் தோண்டி முடிக்க 13 ஆண்டுகள் ஆயின. 1823இல் தொடங்கி 1835இல் 1,001 மீட்டரைத் தொட்டார்கள். உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் கிணறு. நீராவி இயந்திரம்கூட இல்லை, மனிதர்கள் மிதித்து மிதித்து இடித்த துளை. ஆனால் உற்பத்திக்குக் காத்திருக்கவில்லை. வந்த வாயுவை மூங்கில் குழாய்களில் கொண்டுபோய், அதே கிணற்றில் கிடைத்த உப்புநீரைக் காய்ச்சினார்கள். வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தால் இவ்வளவு சுலபம்!

விலை சரியில்லை, மூடி வை

எல்லாம் தயார், குழாயும் வந்துவிட்டது. அப்படியும் திறக்காமல் வைப்பார்கள். அமெரிக்க எரிவாயுவுக்கு விலை சொல்லும் இடம் லூசியானாவில் குழாய்கள் கூடும் ஹென்றி ஹப். பத்து லட்சம் பி.டி.யூ. வெப்ப அளவுக்கு அங்கே 2022 ஆகஸ்டில் சராசரி 8 டாலருக்கு மேல். 2024 மார்ச்சில் ஒன்றரை டாலர். ஷேல் கிணறு முதல் ஆண்டில்தான் கொட்டும், அந்த ஓர் ஆண்டிலேயே வரத்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விலை விழுந்த நேரத்தில் திறந்தால் கிணற்றின் நல்ல காலமெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போகும். 2024 தொடக்கத்தில் செசபீக் நிறுவனம், முடித்த கிணறுகளைக் குழாயோடு இணைப்பதைத் தள்ளிவைப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தது. நிறுவனத்துக்கு அது வியாபாரக் கணக்கு. கடனைக் கட்டக் காசோலையை எதிர்பார்த்திருந்த நிலத்துக்காரரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

மேற்கு டெக்சஸில் இன்னும் விநோதம். அங்கே எண்ணெயோடு சேர்ந்து வாயு வந்துகொண்டே இருக்கும், குழாய் போதாது. 2019 ஏப்ரலில் வாஹா சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அதாவது, வாயுவை எடுத்துக்கொண்டு போவதற்கு விற்பவர் பணம் கொடுத்தார்.

காசோலைக் கணக்கு

அமெரிக்காவில் நிலத்துக்குக் கீழே இருக்கும் வாயு தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். நம்மூரில் அப்படியில்லை. காவிரிப் படுகையில் நிலத்திலிருந்து எரிவாயு எடுத்தால் ராயல்டி மாநில அரசுக்கு. வயல்காரருக்கு மேல்மண்ணுக்கான குத்தகையோ இழப்பீடோதான்.

பென்சில்வேனியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்துக்காரருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிணறு வாயு எடுக்கும் பரப்பு 640 ஏக்கர், உங்கள் நிலம் அதில் பத்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் டாலர் வாயு விற்றால் உங்களுக்கு 1,953 டாலர். வாயுவைச் சுத்தப்படுத்தி, அழுத்தி, குழாயில் அனுப்பும் செலவையும் இதில் கழித்துக்கொள்ளலாம் என்று 2010இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே நீதிமன்றம் 1889இல் எரிவாயுவைக் காட்டு விலங்குக்கு ஒப்பிட்டது. தானாக இடம் மாறும், பிடித்தவருக்குச் சொந்தம் என்ற பொருளில். பக்கத்து நிலத்துக்காரர் முதலில் கிணறு திறந்தால் உங்கள் மனம் ஏன் பதறும் என்பதற்கு இந்தத் தீர்ப்பு போதும்.

உற்பத்தி இல்லாமலே குத்தகையை நிறுவனம் தக்கவைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கிணற்றை மூடி வைத்திருக்கும் காலத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும் என்று பல குத்தகைப் பத்திரங்களில் ஒரு விதி ஒளிந்திருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய இடம் அது. வாயு ஓடத் தொடங்கினாலும் மறுநாளே பணம் வராது. டெக்சஸ் சட்டப்படி முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாள் வரை அவகாசம் உண்டு.

31,441 அடியில் கிடைத்தது

1974இல் ஒக்லஹோமாவில் தோண்டிய 'பெர்த்தா ராஜர்ஸ்' கிணறு அந்தக் காலத்தில் உலகிலேயே ஆழமானது. வாயு தேடிப் போனவர்கள் அடியில் சந்தித்தது உருகிய கந்தகம்.

யார் வேகம், யார் தாமதம்?

கடலில் தோண்டினால் காத்திருப்பு இன்னும் நீளம். எகிப்தின் ஸோர் வயலை 2015 ஆகஸ்டில் கண்டுபிடித்து 2017 டிசம்பரில் உற்பத்தி தொடங்கினார்கள். இரண்டரை ஆண்டுக்குள் முடித்ததை இத்தாலியின் எனி நிறுவனம் சாதனையாகச் சொல்லிக்கொண்டது. சாதனைதான். ஆந்திரக் கரைக்கு அப்பால் ரிலையன்ஸின் கே.ஜி. டி6 வயலில் 2002இல் கண்டுபிடித்த வாயு 2009 ஏப்ரலில் வந்தது. அயர்லாந்தின் காரிப் வயல் 1996இல் கண்டுபிடித்தது, வாயு வந்தது 2015 டிசம்பர் 30. நடுவில், தங்கள் நிலத்தின் வழியே குழாய் பதிக்க விடாத உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர் 2005இல் 94 நாள் சிறையில் இருந்தார்கள்.

இலங்கைக்கு அருகே மன்னார் படுகையில் 2011இல் டொராடோ, பாரகூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயு இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்த கெயின் நிறுவனம் 2015இல் விலகிவிட்டது. வணிக உற்பத்தி தொடங்கவில்லை.

இந்த வரிசையில் முதலிடம் திமோர் கடலில் இருக்கும் கிரேட்டர் சன்ரைஸ் வயலுக்கு. கண்டுபிடித்தது 1974இல். அப்போது கிழக்கு திமோர் போர்ச்சுகீசியக் காலனி. பிறகு இந்தோனேசியா பிடித்தது, 2002இல் நாடு விடுதலை பெற்றது, 2018இல் ஆஸ்திரேலியாவோடு கடல் எல்லை ஒப்பந்தமும் ஆனது. குழாய் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போவதா, திமோர் கரைக்கு வருவதா என்ற இழுபறி மட்டும் ஓயவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அங்கிருந்து ஒரு கன அடி வாயுகூட விற்பனைக்கு வரவில்லை.